அழுத்தமானியா, அழுத்தங்காட்டியா? பழைய காரில் மாட்டும் கேஜுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நான் எழுதப்போகும் கார்க் கையேட்டில், டேஷ்போர்டில் முள்ளால் அளவைக் காட்டும் கேஜுக்கு ‘காட்டி’ என்ற சொல்லை வைக்க நினைக்கிறேன். அளக்கும் கருவிக்கு ‘மானி’ இருக்கும்போது கேஜுக்கு வேறு சொல் எதற்கு என்று நம் பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மழைமானி, வெப்பமானி, வேகமானி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நானும் முதலில் ‘அழுத்தமானி’ என்றுதான் எழுதினேன். காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபோதுதான் அது போதவில்லை என்று தெரிந்தது.

என்னிடம் இருப்பது பழைய அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்து பிஎம்சி நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. ஆயிலுக்கு டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. அழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இறங்கினால்தான் அது எரியும். என் எஞ்சின் சூடாகி ஓடும்போது 50 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும். அந்த 50 இருபதாகக் குறைந்தாலும் விளக்கு ஒன்றும் சொல்லாது. அது எரியும் நேரத்தில் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். அதனால் 52 மி.மீ. விட்டமுள்ள கேஜ் இரண்டு வாங்கினேன். ஒன்று ஆயில் அழுத்தத்துக்கு, இன்னொன்று ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டுக்கு.

தண்ணீர் கேஜ் பழைய பாணியில் செய்தது. அதன் பின்னாலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று நீளமாக வரும். நுனியில் ஒரு குமிழ். உள்ளே ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்து நிரந்தரமாக மூடியிருப்பார்கள். குமிழ் சூடானால் ஆவியின் அழுத்தம் ஏறி முள்ளைத் தள்ளும். பார்வைக்கு அது சுருள் சுற்றிய கம்பி மாதிரியே இருக்கும். பட்டறையில் உதவிக்கு இருந்த தம்பியிடம், “அந்த ஒயரை டேஷ்போர்டு வழியாக இழுத்துவிடுப்பா” என்று சொன்னவன் நான்தான். ஒயர் என்றால் நீளம் மிஞ்சியதை வெட்டுவார்கள். அவனும் வெட்டினான். வெட்டிய முனையில் செம்பு இழைகள் இல்லை, ஊசித்துளைதான் இருந்தது. கேஜ் அந்த நொடியே போய்விட்டது. அதை ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. உள்ளே இருந்த ஆவி போனது போனதுதான்.

தம்பி மேல் தப்பில்லை. நான் கொடுத்த பெயர் தப்பு. அன்றிலிருந்துதான் இந்தச் சொற்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, மானிக்கு வருவோம். இப்போது கடையில் கிடைக்கும் கேஜ்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் இயங்குபவை. எஞ்சினில் ஒரு சிறிய பாகத்தைத் திருகுகிறோம். ஆயில் அழுத்தம் அதன் உள்ளே இருக்கும் சவ்வைத் தள்ளும்போது மின்தடை மாறுகிறது. தண்ணீருக்கானதில் சூடு ஏற ஏறத் தடை குறைகிறது. டேஷ்போர்டில் இருக்கும் முள் அந்த மின்னோட்டத்துக்கு ஏற்ப நகர்கிறது, அவ்வளவுதான். அளக்கும் வேலை எஞ்சினில் நடக்கிறது, டேஷ்போர்டில் நாம் பார்ப்பது அதன் விடையை. அங்கே இருப்பதை ‘மானி’ என்றால் எஞ்சினில் இருப்பதை என்னவென்று சொல்வது?

ஆகவே டேஷ்போர்டில் இருப்பதற்கு நான் முன்வைப்பது ‘காட்டி’. திசைகாட்டி, நாட்காட்டி, வழிகாட்டி என்று நம் வாயில் பழகிய சொல். அதோடு ‘அழுத்தம்’ என்ற சொல் சேரும்போது மரங்கொத்தி போல ‘அழுத்தங்காட்டி’ என்று வரும். வெப்பநிலைக்குப் பட்டறைப் பேச்சிலேயே ‘சூடு’ இருக்கிறது. ‘வண்டி சூடாகுது’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், வெப்பநிலை உயர்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் சூடுகாட்டி. ஆயிலின் சூட்டைக் காட்டும் கேஜும் தனியாக உண்டு என்பதால், தேவைப்படும் இடத்தில் நீர்ச்சூடுகாட்டி, ஆயில்சூடுகாட்டி என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். குழாய் வைத்த அழுத்தக் கேஜில் எஞ்சின் ஆயிலே குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வருகிறது. 1849-இல் பிரான்சின் யூஜின் போர்டோன் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய் கேஜுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அந்த வளைவு நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. ஆக அது உண்மையிலேயே அளக்கிறது, மானி என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசைகாட்டியும் தானே உணர்ந்து தானே காட்டுவதுதான். அதைக் காட்டி என்று அழைப்பதில் நமக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஓட்டுபவர் இருக்கையிலிருந்து பார்ப்பதை ஒரே பெயரால் அழைப்பதுதான் வசதி.

வகை பிரிக்க, குழாய்க்காட்டி, கம்பிக்காட்டி என்ற இரண்டு சொற்கள். எனக்கு இவைதான் மிக முக்கியம். கம்பியை வெட்டலாம், ஒட்டலாம். சூட்டுக்கான குழாயை வெட்டவே கூடாது. அழுத்தத்துக்கான குழாய் கசிந்தால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும், அதனால் அதைத் தகட்டு விளிம்பில் உரசவிடக் கூடாது. பெயரைக் கேட்டதுமே கை எச்சரிக்கையாகிவிட வேண்டும்.

எஞ்சினில் திருகும் பாகத்துக்கு ஒருவர் ‘அனுப்பி’ என்றார். ஆங்கிலத்தில் அனுப்புவது என்ற பொருளில் ஒரு பெயர் இருப்பதால் வந்தது அது. “அளவை அனுப்பி முள்ளை நகர்த்தும்” என்று எழுதினால் அங்கே அனுப்பி பெயரா, எச்சமா? ‘காட்டி’க்கும் இதே குறை உண்டுதான், ஆனால் அது எப்போதும் இன்னொரு சொல்லோடு ஒட்டியே வரும். ‘உணரி’க்கு இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் எச்சம் ‘உணர்ந்து’ என்று ஆகிவிடும். ஏற்கனவே புழக்கத்திலும் இருக்கிறது. உணரியே இருக்கட்டும். விளக்குக்கான பாகத்தை மட்டும் உணரி என்று சொல்ல வேண்டாம். அது உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் சுவிட்ச். சுவிட்ச், உணரி இரண்டையும் ஒரு டீ-பீஸ் (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டுச் சேர்த்து வைப்பது நல்லது. முள் பழுதானாலும் விளக்கு இருக்கும்.

உணரியும் காட்டியும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்பதையும் கையேட்டில் எழுதப்போகிறேன். ஐரோப்பிய அழுத்த உணரிகளில் அழுத்தம் ஏற ஏற மின்தடை பரவலாக 10-லிருந்து 180 ஓம் வரை ஏறும். அமெரிக்க வகையில் 240-லிருந்து 33 வரை, அதாவது தலைகீழாக இறங்கும். ஜோடி மாறினால் முள் பொய் சொல்லும். மரையும் அப்படித்தான். பிரிட்டிஷ் எட்டிலொரு அங்குல மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரையில் 27. ஒன்றில் மற்றதைத் திருகினால் இரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகிப் பிடிக்கும். அங்கே பலம் போட்டால் எஞ்சின் பிளாக்கில் இருக்கும் மரை போய்விடும். (மரை என்ற சொல்லைப் பாருங்கள். ‘மரை கழன்றவன்’ என்று வசவு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிட நல்ல வாழ்வு கிடையாது.) ஒற்றைக் கம்பி உணரிக்கு மின்சாரம் திரும்பும் வழி எஞ்சின் உலோகம்தான், அதனால் அதன் மரையில் டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் முள் தடுமாறும்.

‘ஆயில்’ வேண்டாம், ‘மசகு எண்ணெய்’ போடுங்கள் என்றும் ஒரு மடல் வந்தது. மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட மசகு நல்ல சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் நாம் கச்சா எண்ணெய் என்பது. அவர்களும் படிக்கும் கையேட்டில் குழப்பம் வரும். வெறும் ‘எண்ணெய்’ என்றால் நல்லெண்ணெய் வரை நினைவு போகும். எனவே ஆயில் இருக்கட்டும். அழுத்தத்துக்கு அங்கே ‘அமுக்கம்’ என்பார்கள். அமுக்கங்காட்டி என்றாலும் அழகாகத்தான் இருக்கிறது. இரண்டையும் போட்டுவிடலாமா என்று இலங்கை நண்பர்கள் சொல்ல வேண்டும்.

இன்னும் முடியாதது ஒன்று. கார் கம்பெனி கொடுக்காமல், பின்னர் நாமே வெளியில் வாங்கி மாட்டும் பாகத்துக்குப் பெயர். ‘பின்பொருத்து’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தவர் காரின் பின்பக்கம் மாட்டுவதா என்று கேட்டார். புத்தகத்தின் பிற்சேர்க்கையை ஒட்டி ‘பிற்சேர்ப்பு’ என்று வைத்தால் காலம்தான் நினைவுக்கு வரும், இடம் வராது. பிற்சேர்ப்புக் காட்டி, பிற்சேர்ப்பு உணரி. பட்டறையில் ‘வெளி ஐட்டம்’ என்கிறார்கள், அதில் போலிச் சரக்கு என்ற வாடையும் சேர்ந்து அடிக்கிறது. இதைவிட நல்லது உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

புதிய சூடுகாட்டி வந்துவிட்டது, அடுத்த ஞாயிறு மாட்டுகிறேன். இந்த முறை அதன் குழாயில் ஒரு துண்டுக் காகிதம் சுற்றி ஒட்டியிருக்கிறேன்: ‘இது குழாய். வெட்டக் கூடாது.’

அன்புடன்,
ஒரு பழைய அம்பாசிடர்க்காரன்