லாக் பேக்கப் திடீரென்று 11 ஜிபி: அவசர உதவி

பரந்தன்_ஆலை · காலை 6.12
வணக்கம். இரவில் எங்கள் ஆலைத் தரவுத்தளத்தின் லாக் பேக்கப் (மாற்றங்களைக் குறிக்கும் பதிவேட்டின் நகல்) 11 ஜிபி வருகிறது. வழமையாக 30, 40 எம்பிதான். அதை வவுனியாக் கிளைக்கு அனுப்பும் இணைய டேட்டா தீர்ந்துவிட்டது. முதலாளி பின்னால் நிற்கிறார். லாக்கை அழித்துவிடலாமா?

குளக்கட்டு · 6.31
அழிக்க வேண்டாம்! எந்தத் தரவுத்தளம்? எந்தப் பதிப்பு? தரவு எவ்வளவு? மீட்பு முறை (லாக்கில் எவ்வளவை வைத்திருப்பது என்ற அமைப்பு) ஃபுல்லா, சிம்பிளா? எத்தனை மணிக்கொரு பேக்கப்? கையை நீட்டாமலே நாடி பார்க்கச் சொல்கிறீர்கள்.

கச்சான்_கடை · 6.40
மின்வெட்டில் இடையில் சில பேக்கப் தவறியிருக்கும். முந்தைய லாக் பேக்கப்புக்குப் பிறகு எழுதப்பட்ட எல்லாவற்றையும் அடுத்தது அள்ளிக்கொண்டு வரும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

குளக்கட்டு · 6.44
ஆறு பேக்கப் தவறினாலும் ஏழுக்கும் சேர்த்து 280 எம்பிதான். 11 ஜிபிக்கு எங்கே போவது?

மூத்த_டிபிஏ · 7.05
எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் 2000 பதிப்புக் காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். இப்போதைய பிள்ளைகள் ஒரு பக்கம்கூட வாசிப்பதில்லை. யாரோ பரிவர்த்தனையை (தரவை மாற்றும் ஒரு வேலையை) திறந்து, முடிக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். வேறொன்றுமில்லை.

வன்னி_வெயில் · 7.20
ஐயா, அது லாக் கோப்பைப் பெருக்கவைக்கும், பேக்கப்பை அல்ல. ஒருமுறை பேக்கப் ஆன பகுதியை அடுத்த லாக் பேக்கப் மறுபடி எடுப்பதில்லை.

மூத்த_டிபிஏ · 7.26
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பரந்தன்_ஆலை · 8.48
மன்னிக்கவும், நெல் லொறி வந்துவிட்டது. எஸ்கியூஎல் சர்வர் 2016 ஸ்டாண்டர்ட். ஃபுல் முறை. தரவு 14 ஜிபி. மணிக்கொரு லாக் பேக்கப். அதிகாலை 2 மணியுடையது மட்டுமே பெரிது, 1 மணியுடையது 6 எம்பி. ஆலையை இரவு 9 மணிக்கே பூட்டிவிடுவோம். போன வாரம் மென்பொருள்காரர் வந்து தரவுத்தளத்தை வேகமாக்கிவிட்டுப் போனார்.

வன்னி_வெயில் · 9.02
அந்தக் கடைசி வரியை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்! ஏஜென்டில் (குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் பகுதி) ஜாப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இன்டெக்ஸ் ரீபில்ட், அதாவது தேடலுக்கான அட்டவணைகளை மறுபடி கட்டும் வேலை, ஓடும். ஃபுல் முறையில் ரீபில்ட் செய்தால் இன்டெக்ஸின் ஒவ்வொரு பக்கமும் புதிதாக எழுதப்பட்டு லாக்கிலும் ஏறும். களஞ்சியத்து மூடைகள் அத்தனையையும் இறக்கி, மறுபடி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு வரி எழுதுவது போல. நெல் ஒரு மூடையும் கூடவில்லை, கொப்பி நிறைந்துவிட்டது.

மூத்த_டிபிஏ · 9.10
அதைத்தான் சொல்ல வந்தேன். பெரிய வேலைகளை லாக்கில் சுருக்கமாகப் பதியும் பல்க்-லாக்டு முறைக்கு மாற்றுங்கள், தீர்ந்தது.

வன்னி_வெயில் · 9.17
தீராது. லாக் கோப்பில் எழுதுவது குறையும். ஆனால் மாறிய பகுதிகளை லாக் பேக்கப் தரவுக் கோப்பிலிருந்தே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். பாரம் அதேதான். அந்தப் பேக்கப்புக்குள் இடைப்பட்ட ஒரு நேரத்துக்கு மீட்கவும் முடியாது.

கச்சான்_கடை · 9.30
டேட்டாவில் ஏன் அனுப்ப வேண்டும்? ஹார்ட்டிஸ்கில் போட்டு ஏ9 வீதி பஸ் நடத்துநரிடம் கொடுத்தால் மத்தியானத்துக்குள் வவுனியா.

குளக்கட்டு · 9.34
விவசாயிகளின் வங்கிக் கணக்கு இலக்கமெல்லாம் நடத்துநர் பையிலா? முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றால் எல்லாரும் கச்சான் (வேர்க்கடலை) வாங்க இறங்கிவிடுவார்கள், பை ஆசனத்தில் கிடக்கும்.

கச்சான்_கடை · 9.41
இரண்டு வருடமாக அனுப்புகிறேன், ஒன்றும் தொலையவில்லை. பிள்ளையார் இருக்கிறார்.

குளக்கட்டு · 9.43
பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம், மறைகுறியாக்கத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கச்சான்_கடை · 9.50
கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறேன். என் பெயரைப் பார்த்துத்தானே கச்சானை இழுத்தீர்கள்?

பரந்தன்_ஆலை · மாலை 3.26
ஓம், இருந்தது. எல்லா அட்டவணைக்கும் ரீபில்ட், தினமும் 1.15க்கு. நிறுத்திவிட்டேன்.

பரந்தன்_ஆலை · மறுநாள் காலை 6.50
2 மணி பேக்கப் 5 எம்பி. நன்றி அண்ணை. லொறி நிற்கிறது.

வன்னி_வெயில் · 7.15
ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் சிதறிய இன்டெக்ஸை மட்டும் வாரம் ஒருமுறை ரீபில்ட் செய்யுங்கள், மற்ற இரவுகளில் தேடலுக்கு உதவும் புள்ளிவிவரங்களைப் புதுப்பித்தால் போதும். உங்கள் பதிப்பில் பேக்கப் சுருக்கும் வசதி இருக்கிறது, அதையும் போடுங்கள். இன்னொன்று தம்பி: வவுனியாவில் அந்தப் பேக்கப்பை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா?

வன்னி_வெயில் · நான்கு நாள் கழித்து
தம்பி?

கச்சான்_கடை
லொறியோடு போய்விட்டார்.