ஐபி கொடுத்தால் ஷேர் திறக்கிறது, பெயர் கொடுத்தால் அடம்பிடிக்கிறது

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் மூன்று நோட் சாம்பா கிளஸ்டர், அதாவது விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைல் ஷேர் தரும் மூன்று சர்வர்கள். அடியில் செஃப்எஃப்எஸ் (மூன்றுக்கும் பொதுவான ஃபைல் சிஸ்டம்), மேலே சிடிடிபி (நோட்களை ஒருங்கிணைக்கும் மென்பொருள்). விண்டோஸ் 11 டெஸ்க்டாப்பில் ஐபி முகவரி கொடுத்தால் ஷேர் உடனே திறக்கிறது. பெயர் கொடுத்தால் சில நேரம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் மூன்று ஐபிகளையும் மாற்றி மாற்றித் தருவதால், கோளாறு ஒரு நோடில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். லாகினைச் சரிபார்க்கும் முறை ஐபியில் போனால் என்டிஎல்எம், பெயரில் போனால் கெர்பரோஸ். அதனால் சந்தேகம் கெர்பரோஸ் மேல்தான். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் அது மறுத்துவிடுமே என்று முதலில் அதைப் பார்த்தேன். மூன்றும் சரியாக இருக்கின்றன. ஷேருக்கான 445 போர்ட்டும் திறந்திருக்கிறது, சிடிடிபி ஸ்டேட்டஸில் எல்லாம் ஓகே.

அப்புறம் மிச்சம் கீடேப்தான் (கெர்பரோஸ் சாவிகள் இருக்கும் ஃபைல்). மூன்று நோடிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது? கணக்குப் பிரிவினர் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.