இணைப்புச் சொற்களைப் பட்டியலாகப் பாடமாக்குவது சரியா?

கொக்குவில் ரீச்சர்:
சாதாரண தரப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துகிறேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசை: ஃபர்ஸ்ட்லி (முதலாவதாக), மோர்ஓவர் (மேலும்), ஹவ்எவர் (ஆனாலும்), இன் கன்க்ளூஷன் (முடிவாக). ஒரு பிள்ளை எழுதியது இது: “யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. மோர்ஓவர், தோட்டங்கள் கிணற்று நீரை நம்பியிருக்கின்றன.” முதல் வசனம் காரணம், அடுத்தது விளைவு. அங்கே தெயர்ஃபோர் (ஆகவே) வரவேண்டும், வெறும் ஸோ கூடப் போதும். முன்பு சொன்ன நியாயத்தோடு இன்னொன்றைச் சேர்க்கும்போதுதான் மோர்ஓவர் வரும். சொல் தெரிகிறது, அதன் வேலை தெரியவில்லை. ரியூட்டரிகள் இந்தப் பட்டியலை நிறுத்த வேண்டும்.

உரும்பிராய் மாஸ்ரர்:
ரீச்சர், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. வாசித்து வாசித்துத் தானாக வரட்டும் என்று இருந்தால் சோதனையே முடிந்துவிடும். பட்டியல் தெரிந்தவன் பந்தி பிரித்து நாலு வசனமாவது எழுதுவான், பிழையைப் பிறகு திருத்தலாம். வெற்றுத் தாளில் எதைத் திருத்துவது?

சாவகச்சேரி மாணவி:
சேர், அந்தப் பிழை பிறகும் கூடவே வருகிறது. நான் இப்போது ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சோதனைக்குப் படிக்கிறேன். எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம புள்ளி. அதில் ஒன்று கருத்துத் தொடர்ச்சியும் இணைப்பும். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவதை 5ஆம் பாண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கத்தில் குறையாகவே சொல்கிறார்கள். 9ஆம் பாண்ட் வேண்டுமென்றால் இணைப்பு வாசிப்பவரின் கண்ணில் படுவதே மிக அரிதாக இருக்க வேண்டும். வசனத்துக்கு வசனம் ஃபர்தர்மோர் (மேலும்) போடப் பழகிய கையை மாற்றப் பெரும் பாடாக இருக்கிறது. பேசும்போதும் அப்படித்தான். வெல், ஆக்சுவலி, எனிவே போன்றவைதான் பேச்சில் இயல்பு. அவை எங்கள் பட்டியலில் இருந்ததே இல்லை.

உரும்பிராய் மாஸ்ரர்:
பேச்சுச் சொற்கள் பற்றி நீங்கள் சொல்வது சரி, தங்கச்சி. ஆனால் நான் வெறும் பட்டியல் கொடுப்பதில்லை. சேர்க்க, மறுக்க, காரணம் சொல்ல, உதாரணம் காட்ட என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன்.

கொக்குவில் ரீச்சர்:
மாஸ்ரர், அந்தப் பிரிப்பிலேதான் சிக்கல் இருக்கிறது. மறுக்க என்ற ஒரே பெட்டிக்குள் ஹவ்எவர், ஒன் தி அதர் ஹாண்ட், ஒன் த கொன்ட்ரரி மூன்றும் கிடக்கின்றன. பிள்ளை ஏதாவது ஒன்றை எடுத்துப் போடுகிறது. “பனைக்கு நிறையத் தண்ணீர் தேவையில்லை. ஒன் த கொன்ட்ரரி, வறண்ட மணலிலும் வளரும்.” இது சரி. தண்ணீர் தேவை என்ற எண்ணத்தையே இங்கே தள்ளிவிடுகிறோம். “பஸ்ஸில் போவது மலிவு. ஒன் தி அதர் ஹாண்ட், ரயிலில் வசதி அதிகம்.” இங்கே எதையும் தள்ளவில்லை, இரண்டு பக்கத்தையும் எடை போடுகிறோம். இடம் மாற்றிப் போட்டால் கருத்தே கெட்டுவிடும். ஹவ்எவரில் இன்னொரு பிழை: முன்னால் காற்புள்ளி மட்டும் இட்டு இரண்டு முழு வசனங்களை ஒட்டிவிடுகிறார்கள். அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வரவேண்டும்.

உரும்பிராய் மாஸ்ரர்:
சரி ரீச்சர், அந்தப் பெட்டியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இப்படி இரண்டு வசனமும் சேர்த்துக் கொடுக்கிறேன். பட்டியலை மட்டும் கைவிட மாட்டேன். மெல்லக் கற்கும் பிள்ளைக்குப் பிடித்து ஏற அதுதான் இருக்கிறது.

கொக்குவில் ரீச்சர்:
கொடுங்கள். ஆனால் இணைப்புச் சொற்களை நீக்கிய ஒரு பந்தியையும் கொடுத்து, எங்கே ஒன்றுமே தேவையில்லை என்று முதலில் கேளுங்கள்.