உயிர்வளி இல்லாமல் உயிர்வாயு?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் ஊருணியைச் சுத்தம் செய்து, அள்ளிய ஆகாயத்தாமரையைக் கரையில் குவித்தோம். (சித்த மருந்தில் சேரும் ஆகாயத்தாமரை வேறு. இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காம்பு உப்பியிருப்பதால் வெங்காயத்தாமரை என்பதே சரி. எங்கள் ஊரில் யார் கேட்கிறார்கள்!) நாலு நாளில் நாற்றம் தாங்கவில்லை. சாணத்தோடு கலந்து எரிவாயு எடுக்கலாமே என்று பேச்சு வந்தது. அதை விளக்கி ஒரு துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

'உயிர்வளியற்ற செரிமானத்தின் மூலம் உயிர்வாயு' என்று தலைப்பு வைத்தேன் (ஆங்கிலத்தில் anaerobic digestion, biogas என்பவை). பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டுவிட்டு, "உயிர்வாயுன்னா ஆஸ்பத்திரியில மூக்குல வைக்கிறதுதானே, அதையா அடுப்புல எரிக்கப் போறீக?" என்றார்கள்.

ஆச்சி கேட்டது நியாயம். உயிர்வளி, பிராணவாயு எல்லாம் ஆக்சிஜன்தான். செடியும் சாணமும் போடும் கலனுக்குள் எது நுழையவே கூடாதோ, அதன் பெயரையே விளைபொருளுக்கும் சூட்டிவிட்டோம். சாண எரிவாயு பழகிய சொல், ஆனால் இங்கே செடிதான் பெரும்பங்கு. மீத்தேன் என்றும் முடிக்க முடியாது; இந்த வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு, மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. எனவே 'உயிரி எரிவாயு' போதும் என்று நினைக்கிறேன்.

நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் செடியைச் சிதைத்து இந்த வாயுவைத் தரும் வினைக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. 'ஊறல்' என்று யோசித்தேன். 'ஊருணிக்கரையில் ஊறல் போடுகிறோம்' என்று அச்சடித்தால் போலீஸ் வந்து நிற்கும். 'மூடுசெரிப்பு' எப்படி?

*

தம்பிக்கு,

மூடுசெரிப்பு காதுக்கு இனிக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. மூடுவது வாயுவைப் பிடிக்கவும் காற்றைத் தடுக்கவும் நாம் செய்யும் ஏற்பாடு. வினைக்கு மூடி அவசியமில்லை. கண்மாய்ச் சேற்றில் காலை வைத்தால் குமிழி கிளம்புமே, அது திறந்த தண்ணீருக்கு அடியில் நடக்கும் இதே வேலை. 1776இல் வோல்டா என்ற விஞ்ஞானி இத்தாலியில் மாஜோரே ஏரிச் சேற்றைக் கிளறிப் பிடித்த எரியும் காற்றும் இதுதான். அங்கே யார் மூடி போட்டார்கள்?

நொதித்தலும் சரிப்படாது. ஒரு கூட்டம் நுண்ணுயிர் செடியின் நாரையும் மாவையும் கரைக்க, அடுத்தது அமிலமாக்க, அதை இன்னொன்று அசெட்டிக் அமிலமாக்க, கடைசிக் கூட்டம்தான் மீத்தேன் தருகிறது. நொதித்தல் இதில் நடுவில் வரும் ஒரு படி.

என் சொல் 'வளியிலிச் செரிப்பு'. அந்த நுண்ணுயிருக்கே வளியிலி என்று பெயர் வைக்கலாம். கம்போஸ்ட் குழியில் நடப்பது வளிச்செரிப்பு. இரண்டும் ஜோடியாக நிற்கும். செரிமானம் வயிற்றோடு இருக்கட்டும். செரிப்பு என்றால் 'செரிகலன்' தானாக வந்து விழுகிறது, பாருங்கள்.

*

ஐயா,

கண்மாய்க் குமிழியில் தோற்றேன், மூடுசெரிப்பை எடுத்துவிட்டேன். செரிகலன் அருமை, அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஆனால் வளியிலியைச் சத்தமாகப் படித்தபோது என் மகள் "எலியாப்பா?" என்றாள். பாடநூலுக்கு வளியிலி இருக்கட்டும், துண்டறிக்கையில் 'காற்றில்லாச் செரிப்பு' என்று போடுகிறேன். காற்றே இல்லாமல் கேஸ் எப்படி வரும் என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். கேட்கவில்லை. எங்கள் ஊரில் காற்று வேறு, கேஸ் வேறு.

இன்னும் இரண்டு சொல் வேண்டும். இந்தச் செடியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். நறுக்காமல் போட்டால் மிதந்து, கலனுக்குள் மேலே கெட்டியாகப் படிந்துவிடும். அந்தப் படிவை 'ஆடை' என்று எழுதியிருக்கிறேன், பாலாடை மாதிரி. வாயு போனபின் வெளியே வரும் குழம்பான கழிவுக்கு (slurry) 'செரிகூழ்'. வயலுக்கு நல்ல உரம்தான், ஆனால் ஆச்சியிடம் இன்னும் படித்துக் காட்டவில்லை. கூழ் என்றால் குடிக்கவா என்பார்கள். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது.