ஆங்கிலத்தில் 'ஷரூட்' ஆன சுருட்டு: பிறப்பும் ஒலிப்பும் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: மொழிபெயர்ப்பாளன்

வணக்கம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவரின் நாட்குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நான் இதுவரை 'செரூட்' என்று படித்துவந்த ஒரு சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அது நம் 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்தது என்று அகராதியில் கண்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால், உச்சரிப்பு ஷகரத்தில் தொடங்குவதாகக் கொடுத்திருக்கிறார்கள். 'சர்ச்', 'சேர்' ஆகிய சொற்களின் தொடக்கத்தில் வரும் அதே இரண்டு எழுத்துகள்தான் (ch) இதிலும் இருக்கின்றன. பிறகு ஒலி ஏன் மாறியது? இது பர்மியச் சொல் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். தவிர, அதே நாட்குறிப்பில் 'சிகார்' என்ற சொல்லும் தனியே வருகிறது. இரண்டையும் சுருட்டு என்றே எழுதினால் ஆசிரியர் காட்டும் வேறுபாடு மறைந்துவிடாதா?

பதில்: இலக்கணப் பித்தன்

ஐயா, இது தமிழ்ச் சொல்தான். 'பாயைச் சுருட்டு' என்னும்போது வினையாக நிற்பது, சுருட்டிய பொருளுக்கு ஆகிவரும்போது தொழிலாகுபெயர். புகையிலைச் செடி போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அந்த இலையைச் சுருட்டிப் புகைத்தபோது நம்மிடம் முன்பே இருந்த வினை அதற்குப் பெயராயிற்று. போர்ச்சுக்கீசியர் அப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிகாரை அவர்கள் இன்றும் 'ஷரூத்து' என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல் நுழைந்துவிட்டது.

நீங்கள் கேட்ட ஷகரம் பிரெஞ்சு எழுத்துமுறையின் விளைவு. அம்மொழியில் அந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ஷகர ஒலிதான். 'மெஷின்', 'ஷெஃப்' ஆகிய சொற்களை ஆங்கிலேயர் அப்படி ஒலிப்பதும் இதனால்தான். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் 'ரு' நீண்டு 'ரூ' ஆகிறது. அழுத்தம் இழந்த முதல் அசையின் உகரம் மங்கிப்போகிறது. ஆகவே 'ஷெரூட்' என்பதைவிட 'ஷரூட்' என்று எழுதுவதே ஒலிக்கு நெருக்கமானது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் சொல்லின் கடைசி. சுருட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். உதட்டைக் குவிக்காமல் சொல்லிப் பாருங்கள், அந்த உகரம் அரை மாத்திரையில் முடிந்துவிடும். போர்ச்சுக்கீசியர் அதைத் தங்கள் ஆண்பால் விகுதியாக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது உதிர்ந்து, சொல் டகர மெய்யோடு நின்றுவிட்டது.

பதில்: உறையூர்க்காரன்

பொருள் வேறுபாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் என் தாத்தா உறையூரில் சுருட்டுச் சுற்றியவர். ஈரப்பதத்தோடு இருக்கும் இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்துவிட்டு, உள்ளே வைக்கும் இலைத் துண்டுகளை உள்ளங்கையில் அழுத்தி, மேல் இலையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், ஓரத்தைப் பசை தொட்டு ஒட்டுவார். பிறகு கத்தரிக்கோலால் இரண்டு முனைகளையும் நேராக நறுக்குவார். அந்த நறுக்குதான் உங்கள் வேறுபாடு. சிகாரின் ஒரு முனை மூடியிருக்கும். புகைப்பவர்தான் அதை வெட்ட வேண்டும். ஷரூட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும்.

இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இதையே சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். திருச்சியில் செய்தவற்றை 'டிரிச்சி' என்றும், கோதாவரிக் கழிமுகத் தீவுகளில் விளைந்த புகையிலையால் செய்தவற்றை 'லங்கா' என்றும் அழைத்ததாக அதில் இருக்கிறது. ஆற்றிடைத் தீவுகளுக்கு அங்கே லங்கா என்று பெயர். உங்கள் நாட்குறிப்பில் 'டிரிச்சி' என்று வந்தால், ஊர் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள்.

பதில்: வடமராட்சியான்

பர்மியச் சொல் என்பது பிழை. பர்மாவில் சுருட்டுப் பழக்கம் பரவலாக இருந்ததாலும், அங்கே ஆண்ட ஆங்கிலேயர் அதையும் ஷரூட் என்றே எழுதியதாலும் அந்த எண்ணம் வந்திருக்கலாம். பர்மியர் அதற்கு வழங்கும் சொல்லோ முற்றிலும் வேறு. எங்கள் பக்கம் யாழ்ப்பாணத்தில் அது சுருட்டுத்தான். சிங்களத்தவரும் 'சுருட்டுவ' என்று எங்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். என் அம்மப்பா வேலை செய்த சுருட்டுக் கொட்டிலில் எல்லாரும் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உரத்த குரலில் பத்திரிகை வாசிப்பாராம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழாக்கிவிடக் கூடாது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பிரெஞ்சிலிருந்து வந்தது. சீனத்துச் சிறு நாணயத்தைக் குறித்த இன்னொரு 'கேஷ்'தான் நம் 'காசு', அதுவும் போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. எழுத்தும் ஒலியும் ஒன்றேயான இரண்டு சொற்களுக்கு இரண்டு பிறப்பு. சுருட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால்தான் அதை இவ்வளவு துணிவோடு நம்முடையது என்கிறோம்.

கேட்டவர்: மொழிபெயர்ப்பாளன்

மூவருக்கும் நன்றி. ஷரூட் வரும் இடங்களில் சுருட்டு என்றும், மற்றதைச் சிகார் என்றும் எழுதப்போகிறேன். உறையூர் அண்ணன் சொன்ன பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன்: 'மாலையில் இரண்டு டிரிச்சிகள்' என்ற வரியை, திருச்சிக்காரர்கள் இருவர் வந்ததாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். இன்றே திருத்திவிடுகிறேன்.