செங்கோட்டைக் கொடி எந்த ஊர்த் துணி? ஏறினது 15ஆ, 16ஆ?

சித்தூர்க்காரன்:
ஆகஸ்ட் பொறந்தா போதும், அந்த ஃபார்வர்டு வந்துடும். "1947 ஆகஸ்ட் 15 காலையில் செங்கோட்டையில் நேரு ஏற்றிய முதல் கொடி குடியாத்தம் வீட்டுத் தறியில் நெய்தது. பிங்கலி வெங்கய்யா செய்ததெல்லாம் காகிதத்தில் கோடு போட்டதுதான்." இதை எழுதினவருக்கு ஒரே ஒரு கேள்வி. 15ஆம் தேதி செங்கோட்டையில கொடி ஏறுச்சா? அன்னிக்கு ஏறினது இந்தியா கேட் பக்கத்துல, பிரின்சஸ் பார்க்ல. நேரு செங்கோட்டையில ஏத்தினது 16ஆம் தேதி காலையில. தேதியே தப்பு. இதுல துணி எந்த ஊருன்னு நாங்க நம்பணுமா?

மோர்தானா:
எழுதினது நான்தான், ஒளிஞ்சுக்கல. எங்க ஊருல இருந்து போன துணின்னு பெரியவங்க சொல்லக் கேட்டு வளர்ந்தவன். பேப்பர்லயும் எத்தனையோ தடவை வந்துடுச்சு. 15, 16னு பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. தேசமே 15ஆம் தேதிதான் கொண்டாடுது. 16ஆம் தேதி எந்த ஸ்கூல்ல மிட்டாய் குடுக்கிறாங்க?

சித்தூர்க்காரன்:
மிட்டாய் எப்பக் குடுத்தாங்கன்னு நான் கேக்கல. கொடி எப்ப ஏறுச்சுன்னு கேட்டேன். 16. அப்புறம் "கோடு போட்டவர்"னு எழுத எப்படி மனசு வந்துச்சு? 1916லயே முப்பது மாதிரிக் கொடி வரைஞ்சு புத்தகம் போட்ட மனுஷன். 1921ல பெஜவாடாவுல, அதான் இப்ப விஜயவாடா, காந்தி கேட்டப்போ மூணே மணி நேரத்துல சிவப்பு பச்சையில ராட்டை வெச்சுக் கொடியாவே கையில குடுத்தார். காந்தியே அவரோட யங் இந்தியா பத்திரிகையில எழுதியிருக்கார். படிச்சுட்டு வாங்க.

மோர்தானா:
படிச்சவன்தான் பேசுறேன். அதே கட்டுரையில, ராட்டை வைக்கணும்னு சொன்னது ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜ்னும் இருக்கு. அதை ஏன் விட்டீங்க? வெள்ளை வேணும்னவர் காந்தி. 1931ல சிவப்பு போய் காவி வந்துச்சு. 1947 ஜூலை 22ல அரசியல் நிர்ணய சபை ராட்டையையும் எடுத்துட்டு அசோகச் சக்கரம் வெச்சுது. இப்பச் சொல்லுங்க, வெங்கய்யா குடுத்ததுல மிச்சம் என்ன? பச்சை. அவ்வளவுதான். ஆனா அன்னிலேர்ந்து 2021 வரைக்கும் மாறாதது ஒண்ணு, கையால நூத்துக் கையால நெய்த துணி. காந்தி கதர்ல கேட்டதே அதுக்குத்தான். வரைஞ்சவருக்கு 2009ல தபால் தலை. நெய்தவனுக்கு? தறிக்குழியில கால் தொங்கப் போட்டு, கண்ணு மங்குற வரைக்கும் நாடா தள்ளினவன் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. அதைச் சொன்னா உங்களுக்கு ஏன் எரியுது?

சித்தூர்க்காரன்:
எரியல. 16.

குப்பம் டீச்சர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்களேன். கொடின்னா டில்லியில ஏறினது மட்டும்தானா? 1942ல எங்க பாட்டி வீட்டுலயே கொடி செஞ்சிருக்காங்க. தாத்தாவோட பழைய வேட்டியை மூணாக் கிழிச்சு, ஒரு துண்டை மஞ்சளும் துளி சுண்ணாம்பும் கரைச்ச தண்ணியில முக்கி, இன்னொண்ணைப் பச்சைச் சாயத்துல போட்டு, நடுத்துண்டுல சலவை நீலத்தைத் தொட்டு ஈர்க்குச்சியால ராட்டை வரைஞ்சாங்களாம். மூணையும் சேத்தது சாக்குத் தைக்கிற கோணி ஊசியால. சின்னப் பிள்ளையில நான் அந்தத் துணியைப் பாத்திருக்கேன். தையல் ஒவ்வொண்ணும் விரல் அகலம் இருக்கும். சுதந்திரப் போராட்டத்துக்கு ஊரூரா ஏறின கொடி அதுதான். அதுக்கு யாரு வடிவம், எந்தத் தறி, எந்தத் தேதி?

சாயப்பட்டறை:
மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா குங்குமச் சிவப்புதான் வரும் மேடம், காவி வராது. ரெண்டு நாள் வெயில்ல காட்டினா அதுவும் வெளுத்துடும். எனக்கு இது பரம்பரைத் தொழில்.

குப்பம் டீச்சர்:
துளி சுண்ணாம்புன்னுதான் எழுதியிருக்கேன், கைப்பிடின்னு எழுதல. ஆரத்தி கரைக்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் அளவு சொல்லுவா. பரம்பரைத் தொழிலாம்.

மோர்தானா:
டீச்சரம்மா சொன்னதுதான் என் கட்சியும். கையால செஞ்சதுதான் கொடி. அதனாலதான் செங்கோட்டைக்குப் போன எங்க ஊர்த் துணி பெருசு.

குப்பம் டீச்சர்:
நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். என் பேச்சை உங்க கட்சியில சேக்காதீங்க.

கோட்டை ரயிலடி:
செங்கோட்டையை விடுங்கப்பா. நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையில 15ஆம் தேதி விடிகாலையில ஏறின கொடி இன்னும் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. 12 அடிக்கு 8 அடி. சுத்தப் பட்டு. அதுல தேதிச் சண்டையே இல்ல.

மோர்தானா:
மெட்ராஸ்காரங்களுக்கு எல்லாத்துலயும் நடுவுல வந்து நிக்கணும். பட்டு பணக்காரன் வீட்டுத் துணி. தடியடிக்கு நடுவுலயும் திருப்பூர் குமரன் கையை விட்டுப் போகாத கொடி பட்டா?

சித்தூர்க்காரன்:
பாருங்க, 15ஆம் தேதி கொடி ஏறின கோட்டை வேற கோட்டைன்னு மெட்ராஸ்காரரே சொல்லிட்டார். செங்கோட்டை 16. இப்பவாவது மாத்தி எழுதுவீங்களா?

மோர்தானா:
மாத்த மாட்டேன். 1953ல ஆந்திரா பிரிஞ்சப்போ சித்தூரையே தூக்கிட்டுப் போனீங்க. ம.பொ.சி. அப்படிப் போராடியும் 1960ல திருத்தணி வரைக்கும்தான் கிடைச்சுது. இப்ப எங்க ஊர் நெசவையும் விஜயவாடா கணக்குல எழுதணுமா?

சித்தூர்க்காரன்:
யாரு யாரைத் தூக்கிட்டுப் போனது? எங்களை விட்டுட்டுப் போனது நீங்க. எங்க வீட்டுல இன்னிக்கும் தமிழ்தான். என் பையன் ஸ்கூல்ல தெலுங்கு படிச்சுட்டு, ராத்திரி என்கிட்ட உக்காந்து அ, ஆ எழுதுறான். உங்க கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வர்றவன் நான். என்னைப் பாத்து "ஆந்திராக்காரன்"னா அதுக்குப் பேரு என்ன? வெங்கய்யா தெலுங்கர்ங்கிறதாலதானே உங்களுக்கு அவர் கோடு போட்டவர்?

மோர்தானா:
சாதி, மொழி எல்லாம் நான் பேசல. உழைச்சவன் பேரைப் பேசுறேன். 2021 டிசம்பர்ல கொடி விதிகளைத் திருத்திப் பாலியஸ்டர்லயும் மிஷின்லயும் கொடி செய்யலாம்னு விட்டாங்களே, அன்னிக்கு உங்கள்ல எத்தனை பேரு வாயைத் திறந்தீங்க? கர்நாடகாவுல ஹூப்ளிப் பக்கம் கதர்க் கொடி செய்யறவங்க கொதிச்சுப் போனாங்க. நீங்க 16, 16னு கிளி மாதிரி கத்துறதுல காட்டுற ரோஷத்துல பாதியை அன்னிக்குக் காட்டியிருக்கலாம்.

சாயப்பட்டறை:
பாலியஸ்டர்ல சாயம் சீக்கிரம் வெளுக்காது. கூலிக்காரன் பிள்ளையும் வாங்கிக் குத்திக்குது. அதுல என்ன தப்பு?

மோர்தானா:
சாயம் போடுறவர் வாயில இந்தப் பேச்சு. தறி நின்னுபோனா உங்க பட்டறையில எதை முக்குவீங்க?

கோட்டை ரயிலடி:
ஐ.சி.எஸ். அதிகாரி பத்ருதீன் தியாப்ஜியோட குடும்பம், சக்கரம் வெச்ச கொடியை முதல்ல செஞ்சது அவர் மனைவி சுரையா தியாப்ஜின்னு சொல்லுதே, அதையும்...

மோர்தானா:
முதல்ல குடியாத்தம் பேச்சு முடியட்டும் சார். அப்புறம் அவங்ககிட்ட வரலாம். சித்தூர் தம்பி, நெய்தது எங்க ஊருன்னு மட்டும் சொல்லுங்க, தேதியை நான் பாத்துக்கிறேன்.

சித்தூர்க்காரன்:
தம்பி எல்லாம் வேண்டாம். முதல்ல தேதியைத் திருத்துங்க, அப்புறம் ஊரைப் பேசலாம். 16.

மோர்தானா:
நாளைக்குக் காலையில மறுபடி போடுறேன். 15னுதான் போடுவேன்.

சாயப்பட்டறை:
டீச்சர், அந்தப் பச்சை கடைச் சாயமா, இலையில எடுத்ததான்னு நீங்க இன்னும் சொல்லல.