லெஃப்ட் சைடு ரிவர்ஸ்: ட்ரெய்லர் ஓட்டும் அண்ணன்கள் சொல்லித் தாருங்கள்

வணக்கம். ஒன்பது வருடம் டாரஸ் லாரி ஓட்டிவிட்டு, இரண்டு மாதமாகத் தூத்துக்குடியில் 40 அடி கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். நேர் ரிவர்ஸ் பிடிபட்டுவிட்டது. வலது பக்கம் ஒடித்து விடுவதும் பரவாயில்லை, ஜன்னலில் தலையை நீட்டினால் பின் டயர் கண்ணெதிரே தெரிகிறது. இடது பக்கம்தான் வரவே மாட்டேன் என்கிறது.

ஸ்டியரிங்கை வலதுக்கு ஒடித்தால் வால் இடதுக்குப் போகும், அது தெரியும். ஆனால் முன் வண்டியும் ட்ரெய்லரும் சேரும் இடத்தில் வண்டி கொஞ்சம் மடங்கியதும் இடது கண்ணாடி முழுக்க கன்டெய்னர் சுவர்தான். கடைசி டயர் எங்கே நிற்கிறது என்றே தெரிவதில்லை. வலது கண்ணாடியில் வெறும் ரோடு. போன வாரம் ஒரு குடோன் கேட்டில் தூணை உரசிவிட்டேன். கிளீனர் தம்பி "வரலாம், வரலாம்" என்று கத்தினான், பாவம், அவன் நின்ற இடம் என் கண்ணாடியிலேயே இல்லை. அவன் மேல் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எவ்வளவு மடங்கியதும் ஸ்டியரிங்கைத் திருப்பி இடதுக்குக் கொண்டுவர வேண்டும்? கண்ணாடியில் எதை அடையாளமாக வைத்துக்கொள்கிறீர்கள்? கிளீனரை எந்த மூலையில் நிறுத்துவீர்கள்? இப்போதைக்கு, சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலி யார்டில் பழக இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அண்ணன் யாராவது ஒரு மணி நேரம் வந்து நின்று சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.